மெழுகுத் துணி ஜாக்கெட் (ஆண்களுக்கு): பார்பர், ஃபில்சன், டிரக்கர் – எதற்குக் காசு போடலாம்?

வைகைக்கரையான் | நியூகாசில்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து இங்கே வந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டிலிருந்து மெட்ரோ நிலையத்துக்குப் பதினைந்து நிமிட நடை. அந்தப் பதினைந்து நிமிடம்தான் பிரச்சினை. நம்ம ஊர் மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இங்கே நாள் முழுக்க, காற்றோடு, ஊசி ஊசியாகப் பக்கவாட்டில் வருகிறது. குடை இரண்டு போய்விட்டது. தள்ளுபடியில் வாங்கிய நைலான் ரெயின்கோட்டின் உள்பூச்சு செதில் செதிலாக உரிந்து, சட்டைக் காலரெல்லாம் வெள்ளைப் பொடி.

அலுவலகத்தில் பாதிப் பேர் மெழுகு பூசிய துணியில் ஜாக்கெட் போட்டு வருகிறார்கள். ஒருவருடையது அவருடைய அப்பா போட்டதாம். அதைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பட்டியலில் மூன்று வைத்திருக்கிறேன்: பார்பர் (பெடேல் அல்லது பியூஃபோர்ட்), ஃபில்சனின் டின் கிளாத் ஜாக்கெட், அப்புறம் ஃபிளின்ட் அண்ட் டிண்டர் டிரக்கர். கையில் 300 பவுண்டு இருக்கிறது, அதற்கு மேல் முடியாது.

உண்மையில் மழை தாங்குமா? குளிர் தாங்குமா? மெழுகு சட்டையில் ஒட்டுமா? ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோனால் உபயோகப்படுமா?

நெறியாளர்

தலைப்பில் "ஆண்களுக்கு" என்று நான்தான் சேர்த்தேன். வெறும் "ஜாக்கெட்" என்று இருந்ததால், லைனிங் துணி மீட்டர் என்ன விலை, எந்தத் தையல்கடை நல்லது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

சணல்நகர் | டண்டீ

தம்பி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சொன்ன பிறகு பட்டியல் எதற்கு? பார்பர் பிறந்த ஊரே உங்களுக்குப் பக்கம்தான். 1894-இல் ஜான் பார்பர் சவுத் ஷீல்ட்ஸில் கடை போட்டார். துறைமுகத் தொழிலாளிகளுக்கும் மீனவர்களுக்கும் எண்ணெய்த் துணி உடுப்பு விற்ற கடை. இன்றைக்கும் அவர்களுடைய பழைய வகை மெழுகு ஜாக்கெட்டுகளைத் தைக்கும் இடம் அதே ஊரின் சைமன்சைடு பகுதி. மெட்ரோவில் சவுத் ஷீல்ட்ஸ் வண்டி ஏறினால் சைமன்சைடு என்றே ஒரு நிலையம் வரும். பார்பர் பெயர் போட்ட எல்லாமே அங்கே தைத்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நிறைய உருப்படி வெளிநாட்டில் தைத்து வருகிறது. உள்ளே இருக்கும் லேபிளைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நான் இந்தப் பக்கம் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். டண்டீ சணலுக்குப் பேர்போன ஊர் என்று தெரியும்தானே? வங்காளத்திலிருந்து சணல் வரும், இந்த ஊர்த் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் கொண்டுவரும் எண்ணெயை அதன் மேல் தெளித்து இளக்கி நெய்வார்கள். துணியும் எண்ணெயும் சேர்ந்தே வளர்ந்த ஊர். மெழுகுத் துணி செய்யும் ஹாலி ஸ்டீவன்சன்ஸ் ஆலை இங்கேதான், 1864-இலிருந்து இருக்கிறது. லங்காஷயர் பக்கம் பிரிட்டிஷ் மில்லரெய்ன், 1880. உலகத்தில் பாதி பிராண்டுகளின் லேபிளுக்குப் பின்னால் இந்த மாதிரி நாலைந்து ஆலைகளின் துணிதான் இருக்கிறது.

இதெல்லாம் பாய்மரக் கப்பலில் ஆரம்பித்தது. நனைந்த பாய் காற்றை நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டுகொண்ட மாலுமிகள், தண்ணீருக்குப் பதில் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். முதலில் மீன் எண்ணெய், பிறகு ஆளி விதை எண்ணெய். கிழிந்த பாயை வெட்டி மேலே போர்த்திக்கொண்டார்கள். முதல் ரெயின்கோட் அதுதான். ஆளி விதை எண்ணெயில் இரண்டு தொல்லை: குளிரில் விறைக்கும், நாள்பட்டால் மஞ்சளாகும். மீனவர் கோட்டு மஞ்சளாகவே நம் மனதில் பதிந்ததற்கு இதுதான் காரணம் என்பார்கள். 1920-களில் பாரஃபின் மெழுகு ஏற்றிய பருத்தி வந்த பிறகுதான் மனிதன் மடக்கிப் போடக்கூடிய துணியானது.

நம் மொழியைப் பாருங்கள், படுக்கிற பாயும் கப்பல் பாயும் ஒரே சொல். லாரி மேல் போடுவது தார்ப்பாய். வெள்ளைக்காரனின் 'டார்பாலின்' என்ற சொல்லிலும் தார்தான் இருக்கிறது. ஆக, நீங்கள் வாங்கப்போவது மரியாதையாகத் தைத்த ஒரு தார்ப்பாய்.

இப்போது உங்கள் கேள்வி. பெடேல் 1980-இல் வந்தது, குதிரை ஏறுபவர்களுக்காக வெட்டியது. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், பக்கவாட்டில் பிளவு இருக்கும், கைக்குள் பின்னல் பட்டி இருக்கும். அந்தப் பட்டி மணிக்கட்டைக் கவ்விக்கொள்ளும், காற்று ஏறாது. பியூஃபோர்ட் 1983. வேட்டைக்காரர்களுக்கானது, நீளம் அதிகம், முதுகின் அடியில் குறுக்கே ஒரு பெரிய பை. சுட்ட பறவையைப் போடுவதற்கு. நான் செய்தித்தாள் போட்டுக்கொள்வேன். கைப்பட்டி அதில் கிடையாது. மழையில் நடப்பவருக்குத் தொடையை மறைக்கும் பியூஃபோர்ட் நல்லது. பேருந்திலும் ரயிலிலும் உட்கார்ந்து எழுபவருக்குப் பெடேல்.

இரண்டிலும் தோள்பட்டையைக் கவனியுங்கள். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகப் போகும் ராக்லன் கை. தோளின் உச்சியில் தையலே இல்லை. மழை முதலில் விழுவது தோளில்தான், தண்ணீர் நுழைவது ஊசித் துளையில்தான். வெட்டியவன் மழையில் நின்று பார்த்தவன்.

திருப்பூர்_பீஸ் | திருப்பூர்

சணல்நகர் அண்ணா வரலாறு சொல்லிவிட்டார். நான் எடை சொல்கிறேன். நீங்கள் பார்க்கும் தளங்களில் எல்லாம் அவுன்ஸ் கணக்கு இருக்கும். ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று அர்த்தம். 34-ஆல் பெருக்கினால் நம்ம ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு வந்துவிடும்.

பார்பர் பெடேல், பியூஃபோர்ட் 6 அவுன்ஸ், அதாவது 200 ஜிஎஸ்எம் சொச்சம். ஃபிளின்ட் அண்ட் டிண்டர் டிரக்கர் 7 அவுன்ஸ், 240-க்குப் பக்கம். ஃபில்சன் டின் கிளாத் 14, 15 அவுன்ஸ், 500-ஐத் தொடும். நீங்கள் போட்டிருக்கும் டீ-ஷர்ட் 160, 180 இருக்கும், கனமான ஜீன்ஸ் 475. ஃபில்சன் என்றால் ஜீன்ஸுக்கு மேல் மெழுகு ஏற்றிப் போடுகிற கதை.

ஒரு சந்தேகத்தை மட்டும் கடையில் கேட்டுவிடுங்கள்: அந்த எடை நெய்த துணியின் எடையா, மெழுகு ஏறிய பின் எடையா? ஒவ்வொருவர் ஒவ்வொன்றைப் போடுவார்கள். அதைக் கேட்காமல் இரண்டு பிராண்டை ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

பார்பரில் "சில்காயில்" என்றும் "தார்ன்புரூஃப்" என்றும் இரண்டு துணி இருக்கும். சில்காயில் என்பது மேல் ரோமத்தைக் கத்தரிக்காமல் விட்ட துணி. தடவினால் பீச் பழத் தோல் மாதிரி, பழசாகப் பழசாக மங்கலாக, மெத்தென்று வரும். தார்ன்புரூஃப் வழவழப்பு, கொஞ்சம் பளபளப்பு. மழைக்கு இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்குத்தான் வித்தியாசம்.

அப்புறம், 'கேன்வாஸ்' என்று போட்டிருப்பதெல்லாம் கித்தான் இல்லை. பார்பருடையது மெல்லிய, நெருக்கமான பருத்தி. நிஜக் கித்தான் வேண்டும் என்றால் ஃபில்சன் பக்கம்தான் போகவேண்டும். அமெரிக்காவில் அதை 'டக்' என்பார்கள், வாத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, துணி என்ற டச்சுச் சொல் திரிந்தது.

பசுமைநகரான் | சியாட்டில்

ஃபில்சன் பற்றி நான்தான் சொல்லவேண்டும். டின் கிளாத்தில் தைத்த குரூசர் ஜாக்கெட் ஒன்று ஆறு வருடமாக வைத்திருக்கிறேன்.

1897-இல் கனடாவின் கிளோண்டைக் தங்க வேட்டைக்கு ஜனம் கிளம்பியபோது, சியாட்டில்தான் அவர்கள் சாமான் வாங்கிக் கப்பல் ஏறிய ஊர். ஒரு வருடத்துக்கான சாப்பாடும் கருவியும் கையில் இல்லாமல் கனடா எல்லைக் காவல் உள்ளே விடாது. ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் சுமை. அந்தக் கூட்டத்துக்குப் போர்வையும் உடுப்பும் விற்றவர் சி. சி. ஃபில்சன். அப்புறம் மரம் வெட்டுபவர்கள் வாடிக்கையாளர் ஆனார்கள். அவர்கள் போட்ட மெழுகுக் கால்சட்டைக்கு 'டின் பேண்ட்' என்று பேர். ஏன் தகரம்? கழற்றி மூலையில் வைத்தால் அதுவாக நிற்கும்.

இது பழங்கதை என்று நினைத்தேன். வாங்கிய முதல் வாரம் என்னுடையதும் நாற்காலியில் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. கையை மடக்கினால் முழங்கையில் பலகை மடங்குவது மாதிரி சத்தம். மூன்று மாதம் போட்டு உழைத்த பிறகுதான் என் முழங்கைக்கு ஏற்றபடி மடிப்பு விழுந்தது. இப்போது அது என் ஜாக்கெட், வேறு யார் போட்டாலும் பொருந்தாது.

தோட்டத்தில் பிளாக்பெர்ரி முள்புதர் வெட்டும்போது இதைப் போட்டுக்கொண்டு உள்ளேயே நுழைந்துவிடுவேன். ஒரு கீறல் கிடையாது. ஆனால் வைகைக்கரையானுக்கு இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். மெட்ரோவில் போய் மேசையில் உட்காருபவருக்கு இத்தனை கவசம் எதற்கு? குரூசருக்கு உள்துணியும் கிடையாது, கம்பளி ஏதாவது உள்ளே போட்டால்தான் குளிர் தாங்கும். விலையும் உங்கள் 300 பவுண்டைத் தாண்டும், அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கவரி.

டிரக்கர் பற்றி: நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். பார்க்க மூன்றிலும் அதுதான் அழகு. உள்ளே பிளானல் துணி, நியூஜெர்சியில் 'மார்டெக்ஸின்' என்ற நிறுவனம் மெழுகு ஏற்றிய பாய்த்துணி, தையல் லாஸ் ஏஞ்சல்ஸில். ஆனால் அது ஜீன்ஸ் ஜாக்கெட் வெட்டு. இடுப்போடு நின்றுவிடும், முன்னால் ஜிப் இல்லை, தோளில் தையல் இருக்கிறது, தலைமூடி கிடையாது. காரிலிருந்து இறங்கி கடைக்குள் ஓடும் ஊர்களுக்கான ஜாக்கெட். நீங்கள் சொல்லும் பக்கவாட்டு மழைக்குப் பொத்தான் இடைவெளி போதும், வயிறு நனைந்துவிடும்.

உள்ளதைச்சொல்வேன் | லண்டன்

எல்லோரும் பரவசத்தில் இருக்கிறீர்கள், யாராவது ஒருவர் மறுபக்கம் சொல்லவேண்டாமா?

மெழுகு ஜாக்கெட் ரெயின்கோட் இல்லை. நாற்பது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அடிக்கும் மழையில் தோளும் முழங்கை மடிப்பும் ஊறத் தொடங்கிவிடும். என் அனுபவம் இது. நல்ல சவ்வு வைத்த ரெயின்கோட், கோர்டெக்ஸ் மாதிரி, பாதி எடை, தையலுக்கு உள்ளே பட்டி ஒட்டியிருப்பார்கள், மடித்துப் பைக்குள் போடலாம், மெஷினில் துவைக்கலாம். மெழுகை மெஷினில் போட்டால் முடிந்தது கதை.

ஒட்டுமா என்று கேட்டார். ஒட்டும். புதுசாக மெழுகு ஏற்றிய ஜாக்கெட்டோடு நண்பரின் புதுக் காரில் ஏறினேன். வெளிர் நிற இருக்கை. இறங்கும்போது என் முதுகின் அச்சு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னைக் கூட்டிப் போகவில்லை. கைக்குழந்தை இருந்தால் இன்னும் யோசியுங்கள், குழந்தை முதலில் சப்புவது தோளைத்தான்.

வாசனையும் உண்டு. பழைய பார்பர் ஒன்று அறையில் தொங்கினால் மண்ணெண்ணெய்க் கடையில் இருப்பது போல் இருக்கும். இப்போது வருவதில் குறைவு என்கிறார்கள், சரி.

சணல்நகர் | டண்டீ

நீங்கள் சொன்னது முக்கால்வாசி சரி. கால்வாசியில் மட்டும் சண்டை போடுகிறேன்.

நாற்பது நிமிடத்தில் ஊறியது என்றால் அந்த ஜாக்கெட் மெழுகு கேட்டுக்கொண்டிருந்தது என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை ஏற்றினீர்களா? பெரும்பாலானோர் ஏற்றுவதில்லை. ஐந்து வருடம் சும்மா போட்டுவிட்டு ஒழுகுகிறது என்பார்கள். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடாமல் சைக்கிள் சரியில்லை என்பது மாதிரி.

அப்புறம் சவ்வு கோட்டு ஆறேழு வருடத்தில் உரிந்துவிட்டால் அதைச் சரி செய்ய வழியில்லை. வைகைக்கரையான் சட்டைக் காலரில் இருந்த வெள்ளைப் பொடியே சாட்சி. அந்தக் கோட்டுகளின் மேற்பூச்சில் பல வருடம் ஃபுளூரின் ரசாயனங்கள் போட்டார்கள், மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகிறவை. மெழுகில் அது இல்லை. ஆனால் பாரஃபினும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான், ஆகவே நான் புனிதன் என்று மார்தட்டவில்லை.

மலை ஏறப்போகிறவர் என்றால் நானே கோர்டெக்ஸ் வாங்கச் சொல்வேன். இவர் நடப்பது பதினைந்து நிமிடம்.

சிவம்_ஸ்காபரோ | டொராண்டோ

தம்பி, ஒரு விசயம் விளங்கவேணும். மெழுகு உடுப்பு காற்றை மறிக்கும், மழையை மறிக்கும், சூடு தராது. இங்கே ஜனவரியில் மைனஸ் இருபது போகும்போது அதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் மெழுகு விறைத்து, கை மடிக்கும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழும். நியூகாசிலில் அவ்வளவு குளிர் இல்லைத்தானே. உள்ளே ஒரு கம்பளிச் சுவெட்டர் போட்டால் வடிவாகச் சமாளிக்கலாம். ஆனபடியால் வாங்கும்போது அந்தச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கோ. பார்பர் அளவு மார்புச் சுற்று அங்குலத்தில் இருக்கும், 38, 40, 42 என்று.

நான் இலையுதிர் காலத்துக்குப் பாவிப்பது சுவீடன்காரரின் ஃபியல்ராவென் கிரீன்லாந்து ஜாக்கெட். அது கித்தான் இல்லை, 65 பங்கு பாலியெஸ்டர், 35 பங்கு பருத்தி. 1966-இல் கிரீன்லாந்துக்குப் போன ஒரு பயணத்துக்குப் பிறகு செய்தது. அதன் மெழுகு சவர்க்காரக் கட்டி மாதிரி வரும், பாரஃபினும் கொஞ்சம் தேன்மெழுகும். துணியில் தேய்த்து, மயிர் உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினால் இறங்கிவிடும். நல்ல விசயம் என்னவென்றால், வேண்டிய இடத்துக்கு மட்டும் போடலாம். நான் தோளுக்கும் கைக்கும் போட்டு, அக்குளை விட்டுவிடுவேன், வியர்வை போகவேணுமே. கையில் ஒட்டாது, தோய்க்கவும் ஏலும், தோய்த்தால் திரும்ப மெழுகு போடவேணும், அவ்வளவுதான். கார்க் கதிரையும் தப்பும்.

பார்பரின் அந்த மண்ணெண்ணெய் வாசம் வேண்டாம் என்பவருக்கு இது நல்ல நடுவழி. மழை மட்டும் பார்பர் அளவுக்கு மறிக்காது.

குன்னூர்_புல்லட் | குன்னூர்

இந்த ஊருக்குக் கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

என் மாமா இங்கிலாந்திலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். பெல்ஸ்டாஃப் டிரையல்மாஸ்டர், நாலு பை, இடுப்பில் பெல்ட். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் மோட்டார்சைக்கிள் போட்டிக்காக 1948-இல் செய்த மாடல். என் வண்டி புல்லட். பின்பக்க ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்க விடும் அமைப்பு) வைத்த புல்லட்டும் அதே 1948-இல்தான் இங்கிலாந்தின் போட்டிக் களத்துக்கு வந்தது. இரண்டுக்கும் ஒரே வயசு என்ற சந்தோஷத்தில்தான் போட்டேன். இடது மார்புப் பை சாய்வாக இருக்கும், ஏன் என்று ரொம்ப நாள் தெரியாது. வண்டியில் உட்கார்ந்தபடியே வலது கையால் வரைபடத்தை எடுப்பதற்காம். பார்பரின் மோட்டார்சைக்கிள் ஜாக்கெட்டான இன்டர்நேஷனலிலும் அப்படித்தான். அதை நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 1964-இல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஆறு நாள் போட்டியில் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

இந்த ஊர் சுமார் 1850 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி காலையில் அருமை. மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியாறு தாண்டியதும் கழற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் ஆவியில் வெந்த மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை அதைக் கழற்றிப் பெட்ரோல் டேங்க் மேல் போட்டுக் கட்டினேன், வெயிலில் மெழுகு இளகி டேங்க் முழுக்கப் பிசுபிசுப்பு.

மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. இரண்டு மாதம் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு எடுத்தேன், காலரிலும் உள்துணியிலும் பூஞ்சணம். பாலித்தீன் பையில் போட்டு வைக்காதீர்கள், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். மதுரையா? மதுரைக்கு எதற்கு? ஆணியில் மாட்டி அழகு பார்க்கலாம்.

வண்டிக்காக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விழுந்தால் இந்தத் துணி காப்பாற்றாது. முழங்கைக்கும் தோளுக்கும் உள்கவசம் வைத்ததாகப் பாருங்கள்.

வைகைக்கரையான் | நியூகாசில்

எல்லோருக்கும் நன்றி. முடிவு எடுத்துவிட்டேன், கொஞ்சம் அவசரப்பட்டேனோ தெரியவில்லை. பழைய துணி விற்கும் ஒரு தரும கடையில் பெடேல் ஒன்று தொங்கியது, அளவு 40, ஆலிவ் நிறம், 65 பவுண்டு. சுவெட்டரோடு போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் தோளும் கையின் மேல்பக்கமும் வெளிறி, துணி துணியாகத் தெரிகிறது. இடது பைக்குள் ஒரு ஓட்டை. காலர் கார்டுராயில் அழுக்கு. நாய் வாசனை அடிக்கிறது. டிரை கிளீனிங் கொடுத்துவிடலாமா?

உள்ளதைச்சொல்வேன் | லண்டன்

கொடுக்காதே தம்பி! நான் செய்த முட்டாள்தனம் அது. எங்கள் தெருவில் ஒரு டிரை கிளீனிங் கடையில் கொடுத்தேன், அவரும் சரி என்று வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தது பழைய பள்ளிக்கூடச் சீருடை மாதிரி ஒரு துணி. அங்கே போடும் கரைப்பான் மெழுகை முழுக்கக் கரைத்துவிடும். பைசாவும் போயிற்று, ஜாக்கெட்டும் போயிற்று. அதனால்தான் எனக்கு இந்தச் சாமான் மேல் கோபம் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

சணல்நகர் | டண்டீ

அப்படி வாருங்கள் வழிக்கு!

வைகைக்கரையான், 65 பவுண்டுக்கு நல்ல வேட்டை. வெளிறிய இடம்தான் மெழுகு போன இடம். துணி கிழியவில்லை என்றால் கவலையே வேண்டாம். செய்யவேண்டியது இதுதான்.

பச்சைத் தண்ணீரும் பஞ்சும் வைத்து வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். வெந்நீர் கூடாது, சோப்பு கூடவே கூடாது. உள்துணியையும் ஈரத்துணியால் துடைத்து, இரண்டு நாள் காற்றில் தொங்கவிடுங்கள். நாய் வாசனை ஒரேயடியாகப் போகாது, பாதி போகும். மீதியை மெழுகு மறைத்துவிடும்.

பார்பரின் தார்ன்புரூஃப் மெழுகு டின் ஒன்று வாங்குங்கள், ஒரு ஜாக்கெட்டுக்குத் தோராயமாக ஒரு டின். மூடியைத் திறந்து கொதிநீரில் நிறுத்துங்கள், அடுப்பின் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த நெய் உருகுவது மாதிரி தெளிந்து வரும். தெளியும் வரை பொறுமை வேண்டும், பாதி உருகியதைத் தடவினால் திட்டுத் திட்டாக நிற்கும். பஞ்சால் தொட்டு, ஒரு சாண் இடமாக எடுத்து, வட்டமாகத் தேய்த்து உள்ளே இறக்குங்கள். தையல் ஓரத்தில் இரண்டு முறை. கார்டுராய் காலர், பையின் உட்பக்கம், உள்துணி மூன்றிலும் படவே கூடாது. முடிந்ததும் முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினால், மிதந்து நிற்கும் மெழுகெல்லாம் துணிக்குள் போய்விடும். அதிகமாக இருப்பதைத் துடைத்துவிட்டு, ராத்திரி முழுக்க மற்றத் துணிகளுக்குத் தள்ளித் தொங்கவிடுங்கள்.

சோம்பலாக இருந்தால் பார்பர்காரர்களே காசு வாங்கிக்கொண்டு மெழுகு ஏற்றித் தருவார்கள், பை ஓட்டையையும் தைப்பார்கள். ஆனால் முதல் தடவை கையால் செய்து பாருங்கள் என்பேன்.

திருப்பூர்_பீஸ் | திருப்பூர்

தடவும் முன் வெயில் பக்கமாகப் பிடித்து ஒருமுறை பாருங்கள். கைப்பக்கமும் அடி ஓரமும் நூல் தேய்ந்திருந்தால் முதலில் ஓரம் தைத்துவிட்டு அப்புறம் மெழுகு. மெழுகு ஏறிய துணியில் தைத்தால் ஊசி ஒட்டும், நூல் அறும், தையல்காரர் திட்டுவார்.

வைகைக்கரையான் | நியூகாசில்

சனிக்கிழமை செய்து முடித்தேன். மனைவி பால் காய்ச்சும் பாத்திரத்தில்தான் டின்னை இறக்கினேன், அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் துணிவில்லை. சமையல்கட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, ஜாக்கெட்டை மல்லாக்கப் போட்டு, வலது கையில் ஆரம்பித்தேன். முதல் தேய்ப்பில் வெளிறிய துணி கருத்தது. மழை விழுந்த செம்மண் மாதிரி, நிறம் அப்படியே எழுந்து வந்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முதுகு, முன்பக்கம், பை மூடி. இரண்டரை மணி நேரம். கடைசியில் இடது கைக்கு வரும்போது தோள் வலித்தது, டின்னும் ஆறத் தொடங்கிவிட்டது, மறுபடி சூடு பண்ணச் சோம்பல்.

நேற்று சோதனை. சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், மழை தரைக்கு இணையாக வந்தது. கையை நீட்டிப் பார்த்தால் சேம்பு இலையில் நிற்பது மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர், உதறினால் ஓடிவிடுகிறது. தோள் காய்ந்தே இருந்தது. கால்சட்டை தொடை வரை நனைந்தது, பியூஃபோர்ட் சொன்னீர்களே, அப்போது ஞாபகம் வந்தது.

ஒரே இடத்தில் மட்டும் ஈரம் உள்ளே வந்துவிட்டது. முழங்கை.

சணல்நகர் | டண்டீ

இடது முழங்கையா?

வைகைக்கரையான் | நியூகாசில்

ஆமாம் அண்ணா.

சணல்நகர் | டண்டீ

டின்னில் எவ்வளவு மீதி இருக்கிறது?

வைகைக்கரையான் | நியூகாசில்

கால்வாசி. இன்றைக்கு ராத்திரி முழங்கையை முடித்துவிடுகிறேன். பாத்திரம் மட்டும் வேறு பார்க்கவேண்டும், பால் பாத்திரம் இப்போது பூட்டில் இருக்கிறது.